லைக்கனும் ஃபர் சீலும்: இதுல எதை எதோட ஒப்பிடுறது?

குட்டிக்கயல் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். நான் உயிரியல் இரண்டாம் வருஷம். "முற்றிலும் மாறுபட்ட இரண்டு உயிரினங்களை ஒப்பிடுக"ன்னு ஒரு அசைன்மென்ட். ஜோடியைச் சீட்டு குலுக்கி எடுத்தோம். என் தோழிக்குச் சிறுத்தையும் ஆமையும் வந்துச்சு, ஒரே ராத்திரியில முடிச்சுட்டா. எனக்கு வந்தது லைக்கனும் (பாறையில, சுவத்துல திட்டுத் திட்டா படருமே, அது) ஃபர் சீலும் (உடம்பு பூரா அடர்ந்த முடி இருக்கிற கடல் பாலூட்டி).

மூணு நாளா அட்டவணை போட்டுக்கிட்டிருக்கேன். நகருமா? சீல் நகரும், லைக்கன் நகராது. ரத்தம்? இருக்கு, இல்லை. குட்டி போடுமா? போடும், போடாது. இப்படியே பதினெட்டு வரி. நேத்து திரும்பப் படிச்சுப் பாத்தேன். லைக்கன்ங்கிற இடத்துல செங்கல்னு எழுதினாலும் பதினாறு வரி அப்படியே சரியா இருக்கு. அப்புறம் லைக்கனுக்கு இதுல என்ன வேலை?

எதை வெச்சு ஒப்பிட்டா ரெண்டு பக்கமும் சொல்றதுக்கு ஏதாவது இருக்கும்? இன்னொண்ணு, இதுங்க ரெண்டும் நிஜத்துல ஒரே இடத்துல வாழுதா, இல்ல சீட்டுல மட்டும் சேந்ததா?

(ஃபர் சீலுக்குத் தமிழ்ல ஒரு இடத்துல கடல்நாய்னு இருக்கு, இன்னொரு இடத்துல நீர்நாய்னு இருக்கு. நீர்நாய் வேற பிராணி ஆச்சே. அதனால ஃபர் சீல்னே எழுதிட்டேன்.)

சும்மாவந்தவன்:

இதுக்குப் போய் மூணு நாளா? லைக்கன் தாவரம், சீல் விலங்கு. ஒண்ணு வெயில்ல சமைச்சுக்கும், ஒண்ணு வேட்டையாடும். ரெண்டு பத்தி, ஒரு படம், முடிஞ்சுது. செங்கல் வரியை மட்டும் எடுத்துடாதீங்க.

இன்ஜின்ரூம்_பெரியவர்:

தம்பி சொன்னதுல முதல் வரியே இடிக்குது. அதை விவரம் தெரிஞ்சவங்க யாராவது வந்து சொல்லட்டும். நான் உயிரியல் படிச்சவன் இல்ல. முப்பத்தோரு வருஷம் கப்பல் இன்ஜின் ரூம்ல கழிஞ்சுது. கடைசி சில வருஷம் தென் கடலுக்கு ஆராய்ச்சிக்காரங்களைக் கூட்டிட்டுப் போற கப்பல். அதனால உன் ரெண்டாவது கேள்விக்கு என்னால பதில் சொல்ல முடியும் கயல். ஒரே இடத்துல வாழுது. ரெண்டையும் ஒரே பாறையில பாத்திருக்கேன்.

சவுத் ஜார்ஜியான்னு ஒரு தீவு, தெற்கு அட்லாண்டிக் கடல்ல. மரம்னு ஒண்ணுகூடக் கிடையாது. பிப்ரவரியில ஒரு மத்தியானம் எங்க ஆளுங்க நாலு பேருக்குக் கரைக்குப் போக அனுமதி கிடைச்சுது. போறதுக்கு முன்னாடி பூட்ஸை மருந்துத் தண்ணியில முக்கித் தேய்க்கணும், பாக்கெட்டை வெளியே இழுத்து உதறணும், ஜாக்கெட்ல ஒட்டுப்பட்டைக்குள்ள ஏதாவது விதை மாட்டியிருந்தா ஊசியால நோண்டி எடுக்கணும். வெளி விதை ஒண்ணுகூட அங்க விழக்கூடாது. என் பாக்கெட்லேர்ந்து ஒரு 10 எம்எம் ஸ்பேனர் விழுந்துச்சு. அதையும் கழுவித்தான் கொடுத்தாங்க. அப்புறம் ஆளுக்கொரு கம்பு. அடிக்கிறதுக்கு இல்ல, நடுவுல நீட்டிப் பிடிக்கிறதுக்கு.

எதுக்குன்னு இறங்கின அஞ்சாவது நிமிஷத்துல புரிஞ்சுது. புல்லு மேட்டுக்குள்ளேர்ந்து ஒரு ஃபர் சீல் குட்டி, பிறந்து ரெண்டு மாசத்துக்கு மேல ஆகியிருக்கும், பல்லைக் காட்டிக்கிட்டு நேரா என் முழங்காலைக் குறிவெச்சு ஓடி வருது. ஆமா, ஓடித்தான் வருது. மத்த சீல் மாதிரி வயித்தை இழுத்துக்கிட்டு வராது. பின்துடுப்பை முன்னாடி திருப்பி உடம்புக்கு அடியில கொடுத்து நாலு காலால நடக்கும். காது மடல் வெளியில தெரியும், பீடி சுருட்டின மாதிரி குட்டியா. கடி வாங்கினா விரல் வீங்கி மாசக்கணக்குல படுத்தும். பழைய சீல் வேட்டைக்காரங்க அந்த வியாதிக்கு "சீல் விரல்"னே பேரு வெச்சிருந்தாங்க.

கம்பை நீட்டிக்கிட்டே பின்வாங்கி ஒரு பாறை மேல ஏறிட்டேன். பாறை பூரா ஆரஞ்சும் சாம்பலுமா திட்டுத் திட்டா இருந்துச்சு. நான் இரும்போடயே வாழ்ந்தவன், துருன்னுதான் நெனச்சேன். அப்புறம்தான் தோணுது, கல்லு எப்படித் துருப்பிடிக்கும்? கூட வந்த பொண்ணு சொல்லித்தான் லைக்கன்னு தெரியும்.

அப்போ தூறல் ஆரம்பிச்சுது. இதைத்தான் நீ கவனிக்கணும். கீழே அந்தக் குட்டி ஒரு சிலுப்பு சிலுப்புச்சு. மேல்முடி முள்ளு முள்ளா நனைஞ்சு நிக்குது, அது பிரியிற இடத்துல உள்முடி பஞ்சாட்டம் காஞ்சு கிடக்கு. என் பூட்ஸ் பக்கத்துல இலை மாதிரி சுருண்டு கிடந்த ஒரு சாம்பல் லைக்கன், தண்ணி பட்டதும் ஓரம் விரிஞ்சு, நான் பாத்துக்கிட்டிருக்கும்போதே பச்சையா மாறுச்சு. ஒரு நிமிஷம்கூட ஆகல. ஒரே மழை. ஒண்ணு ஒரு சொட்டு உள்ள போகாம பாத்துக்குது, இன்னொண்ணு கதவைத் திறந்து போட்டுக் குடிக்குது.

இதை இன்ஜின்காரன் கணக்குல சொல்றேன். சீல் ஆஃப் பண்ணவே முடியாத இன்ஜின். வெளியே தண்ணி ஒண்ணு ரெண்டு டிகிரி, உள்ள 37. அந்த வித்தியாசத்தைப் பிறந்த நாள்லேர்ந்து சாகுற வரைக்கும் காப்பாத்தணும். இன்சுலேஷன் முடிதான். வட பசிபிக் ஃபர் சீலுக்கு ஒரு சதுர சென்டிமீட்டர்ல 40,000 முடிக்கு மேல இருக்கு. அதுக்குள்ள சிக்கின காத்துதான் கம்பளி, தோல்ல தண்ணியே படாது. இன்சுலேஷன் ஜாஸ்தியானா சூடு எங்க போகும்? துடுப்புல முடி கிடையாது, அதான் ரேடியேட்டர். வெயில் வந்தா துடுப்பைத் தூக்கி விசிறும். இத்தனைக்கும் எரிபொருள் வேணுமே. அண்டார்டிக் ஃபர் சீல் தாய் குட்டி போட்டு ஒரு வாரம் கூடவே இருக்கும். அப்புறம் நாலஞ்சு நாள் கடல்ல கிரில் (குட்டி இறால் மாதிரி இருக்கும்) தின்னுட்டு வரும், ஒண்ணு ரெண்டு நாள் பால் கொடுக்கும், திரும்பப் போகும். நாலு மாசம் இதே ஷிஃப்ட். பால்ல 40 சதவீதம் கொழுப்பு. ஆயிரக்கணக்கான குட்டிங்க நடுவுல தன் குட்டியைக் குரலை வெச்சுக் கண்டுபிடிச்சு, கிட்டப் போய் மோந்து பாத்து உறுதி பண்ணிக்கும். தூக்கத்துலகூட முழுசா நிறுத்த முடியல. வட பசிபிக் வகை கடல்ல இருக்கும்போது மூளையோட ஒரு பாதி தூங்கும், மறு பாதி முழிச்சிருக்கும்.

லைக்கனுக்கு பம்ப் இல்ல, டேங்க் இல்ல, வேர் இல்ல. இலைக்கு மேல இருக்கிற மெழுகுப் பூச்சுகூட இல்ல. காத்து காஞ்சா அதுவும் காயும். உடம்புல தண்ணி பத்து சதவீதத்துக்கும் கீழ போயிடும். அப்போ அது பட்டினி கிடக்கல, கஷ்டப்படல. நின்னுடுச்சு, அவ்ளோதான். ஈரம் வந்தா ஸ்டார்ட் ஆகும். நான் ஒரு டீசல் ஜெனரேட்டரை ஆறு மாசம் சும்மா போட்டுட்டு ஸ்டார்ட் பண்ண ஒரு நாள் பூரா மல்லுக்கட்டியிருக்கேன். 2005ல ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் ரெண்டு வகை லைக்கனை ஃபோட்டான்ங்கிற விண்கலத்துல ஏத்தி, ரெண்டு வாரம் வெட்டவெளி விண்வெளியில திறந்து வெச்சு, கீழ கொண்டுவந்து நனைச்சாங்க. பழையபடி ஒளிச்சேர்க்கை பண்ணுச்சு. இதை வாசிச்ச அன்னிக்கு அந்த ஜெனரேட்டரை நெனச்சுக்கிட்டேன்.

அதனால அட்டவணையைக் கிழிச்சுப் போட்டுட்டு ஒரே ஒரு கேள்வி வெச்சுக்கோ. வெளியே நிலைமை மாறினா நீ என்ன பண்ணுவே? சீல் கிட்டயும் பதில் இருக்கு, லைக்கன் கிட்டயும் இருக்கு. செங்கல் கிட்ட இல்ல.

குட்டிக்கயல்:

சார், படிச்சுட்டு எழுந்து போய் மாடிச் சுவத்துல இருந்த ஒரு சாம்பல் திட்டு மேல தண்ணி தெளிச்சுப் பாத்தேன். நிஜமாவே பச்சையாச்சு!! வீடியோ எடுத்திருக்கேன், அசைன்மென்ட்ல போடப்போறேன்.

ஒரு சந்தேகம். அந்தப் பாறையில நீங்க ஏறின மாதிரி சீலும் ஏறும்தானே? அப்போ லைக்கன் என்ன ஆகும்?

பாறைப்பித்து:

லைக்கன்களை அடையாளம் காண்பதுதான் பல வருடங்களாக என் வேலை. அதனால் மேலே "தாவரம்" என்று பார்த்ததும் விட்டுவிட்டுப் போக முடியவில்லை.

லைக்கன் தாவரம் அல்ல. உடலின் பெரும்பகுதி பூஞ்சை. அதற்குள் பச்சைப் பாசியோ நீலப்பச்சை பாக்டீரியாவோ குடியிருந்து சர்க்கரை தயாரிக்கிறது. இதை 1860களின் இறுதியில் தாவரவியலாளர் சைமன் ஷ்வெண்டனர் சொன்னபோது அன்றைய லைக்கன் அறிஞர்களில் பலர் கொதித்துப்போனார்கள், ஒரு உயிரை இரண்டாகப் பிளக்கிறானே என்று. 2016இல் பல லைக்கன்களின் மேல்தோலில் இன்னொரு பூஞ்சையும், ஈஸ்ட் வகை, இருப்பது தெரியவந்தது. ஆகவே கயல், உங்கள் தலைப்பில் இருக்கும் "இரண்டு உயிரினங்கள்" என்ற எண்ணிக்கையே தவறு. சீல் ஒன்று. லைக்கன் குறைந்தது இரண்டு. நாம் லைக்கனுக்கு வைக்கும் அறிவியல் பெயர்கூடச் சட்டப்படி அந்தப் பூஞ்சையின் பெயர்தான். உள்ளே இருக்கும் பாசிக்குத் தனிப்பெயர் உண்டு.

அதோடு பூஞ்சைகள் உறவுமுறையில் தாவரங்களைவிட விலங்குகளுக்கே நெருக்கம். அந்தப் பாறையில் லைக்கனுக்குப் பக்கத்தில் பாசிச்செடி வளர்ந்திருந்தால், லைக்கனின் பூஞ்சைக்கு அதைவிட அந்தக் குட்டி சீல்தான் நெருங்கிய சொந்தம். பூஞ்சையின் செல்சுவரில் இருப்பது கைட்டின் என்ற உறுதியான பொருள். சீல் தின்னும் கிரிலின் ஓட்டில் இருப்பதும் அதே கைட்டின். "முற்றிலும் மாறுபட்ட" ஜோடி என்று சீட்டில் எழுதியவருக்கு இதைச் சொல்லிப் பாருங்கள்.

இனி உங்கள் சந்தேகம். அண்டார்டிகாவுக்கு அருகே, தெற்கு ஓர்க்னி தீவுகளில் சிக்னி என்று ஒன்று இருக்கிறது. அங்கே அது நடந்தே விட்டது.

பின்னணி கொஞ்சம் வேண்டும். 1775இல் கேப்டன் குக் சவுத் ஜார்ஜியாவில் இறங்கி, அங்கே சீல்கள் இருப்பதை எழுதினார். பின்னாலேயே வேட்டைக் கப்பல்கள் வந்தன. 1800-01 பருவத்தில் ஒரே கப்பல் 57,000 தோல் எடுத்தது. 1820களில் சீல் வேட்டைக் கப்பல் தலைவர் ஜேம்ஸ் வெடல், அந்தத் தீவிலிருந்து போன தோல்கள் 12 லட்சத்துக்குக் குறையாது என்று கணக்கிட்டார். இருபதாம் நூற்றாண்டு தொடங்கும்போது இனமே அழிந்ததாகத்தான் நினைத்தார்கள். 1930களில் பக்கத்திலுள்ள பேர்ட் தீவில் ஒரு சிறு கூட்டம் தென்பட்டது. அதிலிருந்து பெருகி லட்சக்கணக்காயின. திமிங்கிலங்களை மனிதன் கொன்று தீர்த்ததால் மிஞ்சிய கிரில்தான் இதற்குத் தீனி என்று ஒரு கருத்து உண்டு.

பெருகிய கூட்டத்தில், துணை கிடைக்காத இளம் ஆண்கள் கோடை முடிவில் தெற்கே சிக்னிக்குப் போய்ப் படுக்க ஆரம்பித்தன. 1970களின் பிற்பகுதியிலிருந்து எண்ணிக்கை ஏறி, 1990களில் 10,000க்கும் மேல் இருந்தது. அவை படுத்த சரிவுகளில் உஸ்னியா, கிளாடோனியா வகை லைக்கன்கள் நொறுங்கிப்போயின. காய்ந்த உஸ்னியாவைக் கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், விரலால் அழுத்தினாலே அப்பளம்போல உடையும். ஒரு முறை உடைவதில் பிரச்சினை இல்லை, உடைந்த துண்டே காற்றில் போய் வேறிடத்தில் வளரும். தினமும் உடைத்து, அதன்மேல் சிறுநீரும் மலமும் கொட்டினால் வளர இடமில்லை. பல இடங்களில் பிரசியோலா என்ற பச்சைப் பாசி பரவியது. அதற்கு அந்த உரம் தேவாமிர்தம்.

எனக்கு சீல் மேல் கோபம் வந்ததுண்டு, மறைக்கவில்லை. பிறகு அந்த ஏரிச் சேற்று ஆய்வைப் படித்தேன். சிக்னியில் ஒரு ஏரியின் அடிச்சேற்றைக் குழாய்போல வெட்டியெடுத்து, அடுக்கடுக்காக அதில் புதைந்திருந்த சீல் முடியை எண்ணியிருக்கிறார்கள். பல ஆயிரம் ஆண்டுகளாக சீல்கள் அங்கே வந்துபோய்க்கொண்டுதான் இருந்திருக்கின்றன. ஆனால் இந்த அளவு கூட்டம் அந்தச் சேற்றில் வேறெங்கும் இல்லை.

எல்லா லைக்கனும் உரத்துக்கு அழுவதில்லை என்பதையும் எழுதுங்கள். இன்ஜின்ரூம் ஐயா துரு என்று நினைத்த ஆரஞ்சு வகைகள் பலவும் பறவை எச்சம் விழும் பாறையைத் தேடிச் செழிப்பவை.

சும்மாவந்தவன்:

சரி, தாவரம்னு சொன்னதை வாபஸ் வாங்கிக்கிறேன். லைக்கனுக்கு சீல் ஒண்ணுவிட்ட சொந்தம்னு நெனச்சா ராத்திரி தூக்கம் வராது போல.

இன்ஜின்ரூம்_பெரியவர்:

ஒரு திருத்தம் கயல். சீல் இன்ஜினை நிறுத்தவே முடியாதுன்னு எழுதினேன். ஒரு இடத்துல நிறுத்துது, மறந்துட்டேன். குட்டி போட்டு ஒரு வாரத்துலயே தாய் திரும்ப இணை சேரும். ஆனா கரு உடனே வளராது. சின்ன உருண்டையா, கர்ப்பப்பையில ஒட்டாம மூணு நாலு மாசம் அப்படியே நிக்கும். அப்புறம்தான் ஒட்டி வளர ஆரம்பிக்கும். அதனாலதான் எல்லாக் குட்டியும் வருஷா வருஷம் அதே நவம்பர் கடைசி, டிசம்பர்ல பிறக்குது. தாய் ஓடிக்கிட்டே இருக்கு, உள்ள இருக்கிறது காத்துக்கிட்டிருக்கு. லைக்கன் பண்ற வேலையை சீல் தன் வயித்துக்குள்ள மட்டும் பண்ணுதுன்னு வெச்சுக்கோயேன்.

இன்னொண்ணும் ஞாபகம் வந்துச்சு. ரெண்டோட வயசையும் கணக்கு எடுக்கலாம். சீல் பல்லைக் குறுக்கே அறுத்துப் பாத்தா மரத்துல இருக்கிற மாதிரி வருஷ வளையம். லைக்கன்ல வட்டமா வளர்ற வகைன்னா திட்டோட விட்டத்தை அளப்பாங்க. பனியாறு எந்தக் காலத்துல பின்வாங்குச்சுன்னு, அது விட்டுட்டுப் போன கல்லு மேல இருக்கிற லைக்கனை அளந்தே சொல்றாங்களாம். எனக்கு வெர்னியர் வெச்சு அளக்கிற புத்தி, அதனால அன்னிக்கு ஒரு மஞ்சப்பச்சை வட்டம் பக்கத்துல அந்த ஸ்பேனரை வெச்சு போட்டோ எடுத்தேன். வட்டம் ஸ்பேனர் வாய்க்கு ஒன்றரை மடங்கு.

குட்டிக்கயல்:

சார், அப்போ 15 எம்எம்! வருஷத்துக்கு ஒரு மில்லிமீட்டருக்கும் கீழதான் வளரும்னு எங்கயோ படிச்சேன். 0.5ன்னு வெச்சா 30 வருஷம். அசைன்மென்ட்ல போட்டுக்கட்டுமா? தலைப்பையும் மாத்திட்டேன்: "ஒரே தூறல், இரண்டு விடை".

பாறைப்பித்து சாருக்கும் ரொம்ப நன்றி.

பாறைப்பித்து:

சார் இல்லை, மேடம். பரவாயில்லை.

30 வருடம் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். வளரும் வேகம் இனத்துக்கு இனம், தீவுக்குத் தீவு, ஒரே பாறையின் வெயில் பக்கத்துக்கும் நிழல் பக்கத்துக்கும்கூட மாறும். வயது தெரிந்த பரப்புகளில், அதாவது ஆண்டு பொறித்த கல்லறை, கட்டிடக் கல் போன்றவற்றில், அதே இனத்தை அளந்து அந்த இடத்துக்கென்று ஒரு வளர்ச்சிக் கோடு போட்ட பிறகே வயது சொல்ல முடியும். அப்போதும் பாறையிலேயே பெரிய வட்டத்தைத்தான் எடுக்க வேண்டும், கண்ணில் பட்டதை அல்ல. ஐயா, அதைவிடப் பெரிய வட்டம் அந்தப் பாறையில் இருந்ததா?

இன்ஜின்ரூம்_பெரியவர்:

இருந்துச்சுங்க மேடம். அதுக்கு மேலதான் நான் உக்காந்திருந்தேன்.

போட்டோவை இணைச்சிருக்கேன் கயல். ஓரத்துல மங்கலா பழுப்பா தெரியறது அந்தக் குட்டி. கம்பைக் கடிச்சுக்கிட்டிருக்கு.